குறுக்கிச் சொல்ல வராத சுகிர்தம்

சுகிர்தம் அக்கா லிப்டிடம்கூட மரியாதையாகத்தான் பேசுவார். நாலாம் மாடியில் துணி வண்டியோடு வரும்போது கதவு மூடப் பார்த்தால், "கொஞ்சம் பொறுங்கோ, வாறன்" என்பார். லிப்ட் பொறுக்காது. நான் என்றால் காலை நீட்டிக் கதவை மறித்துவிட்டு இரண்டு வார்த்தை திட்டியிருப்பேன். எட்டு வருடமாக நாங்கள் இருவரும் ஒரே கட்டிலின் இரண்டு பக்கமும் நின்று விரிப்புப் போட்டிருக்கிறோம். என்னைவிடப் பதினொரு வயது மூத்தவர், என்னையும் அந்த லிப்டையும் ஒரே மாதிரித்தான் நடத்தினார். "யசோதா, தலையணையை இஞ்சாலை தாங்கோ." "யசோதா, கவனமா இறங்குங்கோ." நானும் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தேன், என்னை நீ என்று கூப்பிடுங்கோ அக்கா என்று. சிரிப்பார். அடுத்த வசனத்தில் மறுபடி ஒரு 'ங்கோ' வந்து நிற்கும்.

நாங்கள் வேலை செய்த ஹோட்டல், பிரெஞ்சுத் தலைநகரில், லண்டன் ரயில் வந்து நிற்கிற ஸ்டேஷனுக்கும் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலுக்கும் நடுவில் ஒரு குறுக்குத் தெருவில் இருந்தது. ஆறு மாடி. அறைகளைத் துப்புரவு செய்ய நாங்கள் எட்டுப் பெண்கள், ஒரு கொம்பனி மூலம் போனோம். நான் கொக்குவில்காரி, இருப்பு நகரத்துக்கு வெளியே திரான்சியில். அக்கா மன்னாரில் பேசாலை. ரூ பஜோல் என்ற தெருவில் இரண்டாம் மாடியில் அவருக்கு ஒன்றரை அறை வீடு. ஹோட்டலிலிருந்து அந்த வீட்டுக்கு நடந்தால் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடம்தான் இந்தக் கதையின் உயிர், அதனால் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

அக்காவின் கணவர் யூலியன் அண்ணைக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் காலையில் ஆஸ்பத்திரியில் மெசினில் போட்டு இரத்தத்தைச் சுத்தம் செய்வார்கள். பிறகு ஆஸ்பத்திரி வண்டி அவரை ஒன்றேகால் மணிக்கு வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போகும். மெசினில் இருந்து வந்த மனிதருக்குப் பிரஷர் எந்த நேரமும் சட்டென்று இறங்கும். ஒருமுறை அக்கா வரப் பிந்திய நாளில், நான் சமாளிப்பேன் என்று தனியாக ஏறப் போய், படிக்கட்டில் விழுந்து, நெற்றியில் ஏழு தையல். முக்கால் மணித்தியாலம் அங்கேயே கிடந்திருக்கிறார். அதற்குப் பிறகு அந்த மூன்று நாளும் அக்கா பத்து அறை முடித்தாரோ பதினைந்து முடித்தாரோ, ஒரு மணிக்கு ஏப்ரனைக் கழற்றிவிடுவார். எங்கள் மாடி மேலாளர் முகத்தைச் சுளித்தால், மிச்ச அறைகளை நாங்கள் பங்குபோட்டுக்கொள்வோம்.

தை மாதம் எங்களைக் காலைச் சாப்பாட்டு மண்டபத்துக்குக் கூப்பிட்டார்கள். ஹோட்டலில் நாலு மாடியைத் திருத்த வேலைக்காக இரண்டு வருடம் மூடப் போகிறார்களாம், மிச்ச இரண்டு மாடியை ஹோட்டலின் சொந்த ஆட்களே பார்ப்பார்களாம். எட்டுப் பேரில் இரண்டு பேரை மட்டும் ஹோட்டலே எடுத்துக்கொள்ளும்: காலைச் சாப்பாடு பரிமாற, வருகிறவர்களை முன்மண்டபத்தில் வரவேற்று உட்காரவைக்க. மற்ற ஆறு பேரும் கொம்பனியின் இன்னொரு ஹோட்டலுக்கு, ருவாசி விமான நிலையத்துக்குப் பக்கத்தில். வருகிறவர்கள் முக்கால்வாசி இங்கிலீசுக்காரர் என்பதால், அந்த இரண்டு பேருக்கும் ஆங்கிலம் பேசத் தெரிந்திருக்க வேண்டும். எட்டு வாரம் வகுப்பு, முடிவில் வாய்மொழிப் பரீட்சை.

ருவாசியில் வேலை முடிய இரண்டரை மணி. அங்கிருந்து ரயிலில் வந்து சேர இன்னும் ஒரு மணித்தியாலம். ஒன்றேகால் மணிக்கு ரூ பஜோல் வாசலில் யார் நிற்பது? வேலையை விடலாம் என்றால், வீட்டை வாடகைக்குத் தந்தவர் பார்த்துத் தந்தது அக்காவின் சம்பளச் சீட்டைத்தான். பிள்ளை குட்டி இல்லை. அக்கா அன்று மண்டபத்தை விட்டு வெளியே வந்து, ஒரு மேசையின் மூலையைத் துடைத்துக்கொண்டே நின்றார். அது ஏற்கனவே சுத்தமாக இருந்த மேசை. "ரெண்டு பேரிலை ஒராளா நான் வரத்தான் வேணும் யசோதா," என்றார். பேசாலைப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்போடு நின்றவர் சொன்ன பேச்சு அது. எனக்கு உள்ளுக்குள் சிரிப்புத்தான் வந்தது. வெட்கத்தை விட்டு ஒத்துக்கொள்கிறேன்.

வகுப்பு எடுக்க வந்தவர் நிக்கோலா. முப்பது முப்பத்தைந்து வயது, எந்நேரமும் கழுத்தில் ஒரு சால்வை, நல்ல மனிதர். முதல் நாளே பலகையில் இரண்டு சொல்லை எழுதினார். ஒன்று 'இரு' என்று சொல்வதற்கு: சிற். மற்றது இருக்கைக்கு: சீற். எழுதிவிட்டு இரண்டையும் வாசித்தார். எங்களுக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்டது. திரும்ப வாசித்தார். அதுவும் ஒன்றுதான், குறிலும் இல்லை, நெடிலும் இல்லை, நடுவில் ஒரு பிரெஞ்சு அளவு. அவரே சிரித்துவிட்டு, "இந்த விஷயத்தில் நாங்கள் பிரெஞ்சுக்காரர் பிறவிச் செவிடர்கள்," என்று பிரெஞ்சில் சொன்னார். பிறகு ஒரு சின்னப் பெட்டியில் இங்கிலீசுக்காரரின் குரலைப் போட்டார். நாற்பது சொல். ஒவ்வொன்றும் நீண்டதா குறுகியதா என்று தாளில் அடையாளம் போட வேண்டும்.

மாலி நாட்டு ஃபாத்து, எங்களில் நல்லாக ஆங்கிலம் பேசுகிறவள், இருபத்தாறு சரி. எனக்கு முப்பது. சுகிர்தம் அக்காவுக்கு நாற்பதுக்கு நாற்பது. நிக்கோலா தாளை இரண்டு தரம் திருப்பிப் பார்த்தார். எப்படி என்று கேட்டார். அக்காவுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. என் பக்கம் திரும்பி, "இது எங்கடை குறில் நெடில்தானே. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு ரெண்டு. இதிலை என்ன கிடக்கு?" என்றார். நான் அதைப் பிரெஞ்சில் சொன்னபோது நிக்கோலா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு அக்காவின் முன்னால் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு வகுப்பு எடுத்தது யார் என்று கேட்டால் நான் நிக்கோலாவைச் சொல்ல மாட்டேன்.

அன்று பின்னேரமே அக்கா ரூ து ஃபொபூர் சேன்-தெனியில் ஒரு கடையில் தடித்த கொப்பி ஒன்று வாங்கினார். இடப்பக்கம் குறில், வலப்பக்கம் நெடில். எல்லாம் தமிழ் எழுத்தில். ஃபில், ஃபீல். ஃபுல், ஃபூல். லிவ், லீவ். ஹொப், ஹோப். ஆங்கில எழுத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது என்று மூன்றாம் நாளே கண்டுபிடித்துவிட்டார். பிரெட் என்கிற பாணுக்கும் சீற் என்கிற இருக்கைக்கும் நடுவில் அவர்கள் போடுவது ஒரே இரண்டு எழுத்துத்தான், ஆனால் ஒன்றில் குறுகும், மற்றதில் நீளும். சொல்லின் கடைசியில் ஓர் எழுத்து சத்தம் போடாமல் நின்றுகொண்டு முன்னால் இருக்கிறவனை நீட்ட வைக்கும் என்று நிக்கோலா சொன்னபோது, "எங்கடை மாமியும் அப்பிடித்தான், மூலையிலை பேசாமல் இருந்து எல்லாரையும் ஆட்டி வைச்சவ," என்றார். நீட்டுவது மட்டும் போதாது, நெடிலுக்கு வாய் கொஞ்சம் சிரிக்க வேண்டும், குறிலுக்கு வாய் சோம்பலாகக் கிடக்க வேண்டும் என்பதும் அவர் பெட்டியில் கேட்டுக் கேட்டுக் கண்டதுதான். நிக்கோலா அதைத் தன் தாளில் எழுதிக்கொண்டார்.

அக்கா மற்றவர்களுக்கும் சொல்லிக் கொடுத்தார். இரண்டு இடத்துக்கு எட்டுப் பேர் போட்டி போடுகிறோம், இவர் என்னடா என்றால் போட்டிக்காரர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சொல்லிக் கொடுக்கிறார். விசர் என்றுதான் நான் நினைத்தேன். ஃபாத்துவுக்கும் மற்றவர்களுக்கும் குறில் நெடில் என்றால் என்ன தெரியும்? அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். கட்டிலுக்கு விரிப்புப் போடும்போது ஒரு பக்கத்தில் இருந்து மறுபக்கம் இழுக்கிற நேரம் நெடில். ஓரத்தை மெத்தைக்குக் கீழே செருகுகிற நேரம் குறில். இழு: சீ...ற். செருகு: சிற். ஒரு நாளைக்குப் பதினைந்து கட்டில், ஒரு கட்டிலுக்கு நாலு இழுப்பு, ஆறு செருகல். நாலாம் மாடி நடைவழியில் நடந்தால் ஒவ்வொரு அறையில் இருந்தும் பெண்கள் ஆட்டையும் கப்பலையும் பற்றி ஓதுகிற சத்தம் கேட்கும். ஷீப், ஷிப். ஷீப், ஷிப். மூன்று வாரத்தில் ஃபாத்து முப்பத்தெட்டுக்கு வந்துவிட்டாள்.

எனக்கு வேறு கோளாறு. காதுக்குத் தெரியும், நாக்குக்குப் பொறுமை இல்லை. என் வாயில் நெடில் எல்லாம் குறுகிவிடும். முன்பொருதரம் இங்கிலீசுக்காரக் கிழவி ஒருத்தியிடம், சுத்தமான விரிப்புக் கொண்டு வருகிறேன் என்று சொல்லப் போய், 'ஷீற்' என்பதை என் வழக்கப்படி வெட்டிச் சொல்லிவிட்டேன். சுத்தமான மலம் கொண்டு வருவதாக ஒரு ஹோட்டலில் யாரும் அவளுக்கு அதற்கு முன் வாக்குக் கொடுத்திருக்க மாட்டார்கள். அக்கா என்னோடுதான் அதிகம் பாடுபட்டார். "இழுங்கோ யசோதா. இன்னும் இழுங்கோ. விரிப்பு மற்றக் கரைக்கு வரேல்லை, அதுக்குள்ளை ஏன் நிப்பாட்டுறியள்?"

பரீட்சைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, ஒரு செவ்வாய்க்கிழமை, நிக்கோலா ஒத்திகை வைத்தார். ஃபாத்துவுக்கு ஓரிடம் நிச்சயம் என்று எல்லோருக்கும் தெரியும். மற்ற ஐந்து பேரும் ஏறக்குறைய கைவிட்டுவிட்டார்கள். மீதி ஓரிடம்; ஒன்று எனக்கு, இல்லையென்றால் அக்காவுக்கு. எனக்கு ருவாசி போனால் உயிர் போகாது. ஆனால் எட்டு வருடமாகக் குனிந்த முதுகு, கட்டில் இல்லாத ஒரு வேலையைப் பார்த்தால் யாருக்கும் வாயூறும்.

சொற்களை வாசித்தபோது அக்காவிடம் ஒரு பிழை இல்லை. பிறகு நிக்கோலா வந்திறங்கிய பயணி மாதிரி நடித்தார். அக்கா அவருக்கு முன்னால் போய் நின்று, கை இரண்டையும் கட்டி, தலையைக் கொஞ்சம் சாய்த்து, வாயைத் திறந்தார். அத்தனை குறிலும் நெடிலாகிவிட்டது. 'சிற்' என்பது 'சீற்' ஆனது. ஹோட்டல் நிறைந்துவிட்டது என்று சொல்வதற்குப் பதிலாக ஹோட்டல் ஒரு முட்டாள் என்றார். 'இஸ்' எல்லாம் 'ஈஸ்'. இழுத்து இழுத்து, குழைந்து குழைந்து, கோயில் வாசலில் விருந்தாளியை வரவேற்கிற குரலில். நிக்கோலா "பர்ஃபே", குறையே இல்லை, என்றார். பிறவிச் செவிடர் வேறு என்ன சொல்வார்? மற்றவர்களும் கைதட்டினார்கள். அந்த மண்டபத்தில் பிழையைக் கேட்டது என் காது ஒன்றுதான் என்று நினைத்தேன்.

எனக்குப் பார்த்த உடனே விளங்கிவிட்டது. தாளில் இருக்கிற சொல்லுக்கு மரியாதை தேவையில்லை, அதனால் அதைச் சரியாகச் சொல்கிறார். எதிரில் ஓர் ஆள் நின்றுவிட்டால் அக்காவின் நாக்கு தானாகவே நீளும். எங்கள் பக்கத்தில் 'இரு' என்று வெட்டிச் சொன்னால் அது கட்டளை. 'இருங்கோ' என்று இழுத்தால்தான் மனிசத்தன்மை. ஆங்கிலத்தில் 'ங்கோ' இல்லை. ஆகவே அவர் தன் மரியாதையை எல்லாம் கொண்டுபோய் அந்தச் சின்ன உயிரெழுத்தின் தலையில் ஏற்றிவிட்டார்.

நான் சொல்லவில்லை. புதன்கிழமை சொல்லவில்லை. வியாழக்கிழமை காலையிலும் சொல்லவில்லை. நேரம் வரவில்லை, பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள் என்று எனக்கு நானே காரணம் சொன்னேன். ஒரு காரணமும் இல்லை, அந்த இடம் எனக்கு வேண்டியிருந்தது. வியாழக்கிழமை பதினொரு மணிக்கு நானூற்றேழாம் அறையில் விரிப்பை இழுத்துக்கொண்டிருந்தோம். அவர் எனக்காக வாய் ஓயாமல், "சொல்லுங்கோ யசோதா, ஷீ...ற்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். இருபதாவது தரமோ முப்பதாவது தரமோ தெரியாது. நான் விரிப்பை விட்டுவிட்டேன்.

"அக்கா, ஒண்டு சொல்லுவன். கோவிக்கக் கூடாது."

"சொல்லுங்கோ."

சொன்னேன். செவ்வாய்க்கிழமையே தெரியும் என்பதையும் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். வேலை நேரத்தில் விருந்தாளியின் கட்டிலில் உட்காருவது அவர் ஒருநாளும் செய்யாத காரியம்.

"ஓம், எனக்குத் தெரியும்," என்றார். "வாயாலை வரேக்குள்ளையே கேக்குது. ஆனா ஒரு ஆளின்ரை முகத்தைப் பாத்து, பயணம் செய்து களைச்சு வந்த சனத்தைப் பாத்து, சிற் எண்டு எப்பிடிச் சொல்லுறது? முகத்திலை அடிச்ச மாதிரிக் கிடக்கு."

"அவையளுக்கு அது அடி இல்லை அக்கா. அவையின்ரை பாசையே அப்பிடித்தான்."

"அவையளுக்கு இல்லை. எனக்கு."

அன்று ஒரு மணிவரைக்கும் என்னை 'நீ' என்று கூப்பிட்டுப் பழகச் சொன்னேன். எங்கேயாவது ஓரிடத்தில் மரியாதை உடைந்தால் ஆங்கிலத்திலும் உடையும் என்பது என் கணக்கு. "நீ," என்று தொடங்குவார், என் முகத்தைப் பார்ப்பார், "ங்கோ" வந்து ஒட்டிக்கொள்ளும். பத்துத் தரம் முயன்று, கடைசியில் இரண்டு பேரும் துவாய் அலமாரிக்குள் நின்று கண்ணில் நீர் வரச் சிரித்தோம். சிரித்து முடிந்ததும் அவர் முகம் கறுத்துவிட்டது. "ரெண்டு மாத்திரையிலை ஒண்டைக் குறைக்கத் தெரியாமல் அந்த மனிசனைத் திரும்பப் படிக்கட்டிலை விடப்போறன்," என்றார்.

சனிக்கிழமை அவரோடு ரூ பஜோலுக்குப் போனேன். வழி முழுக்க ஆங்கிலம் பேசிப் பழகலாம் என்று திட்டம். வாசலுக்குப் போய்ச் சேரவும் ஆஸ்பத்திரி வண்டி வரவும் சரியாக இருந்தது. சாரதி கதவைத் திறந்தார். யூலியன் அண்ணை இறங்கினார். மெலிந்த மனிதர், முன்பு ஒரு ரெஸ்ரோறண்டில் சமையல். முழங்கை மடிப்பில் வெள்ளைக் கட்டு. என்னைப் பார்த்துச் சிரித்தார். சிரிப்பு முடியுமுன் முகம் சாம்பலாகிவிட்டது. கண் எங்கேயோ போனது.

"இரு," என்றார் அக்கா.

அந்தக் குரலை நான் எட்டு வருடத்தில் கேட்டதில்லை. "இரு. இதிலை இரு. தலையைக் குனி. திற வாயை. குடி." ஒவ்வொன்றும் கத்தரித்த மாதிரி. ஒரு கை அவருடைய முதுகில், மறுகை பையில் இருந்த போத்தலில். கணவரை இஞ்சாருங்கோ என்பதற்கு மேல் கூப்பிட்டறியாத பெண். அண்ணையும் சின்னப் பிள்ளை மாதிரிச் சொன்னதைச் செய்தார். இரண்டு நிமிடத்தில் நிறம் திரும்பியது. உடனே அக்காவின் குரலும் திரும்பியது. "இப்ப ஏலுமோ? மெல்ல எழும்புங்கோ. கம்பியைப் பிடியுங்கோ." நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஏறினேன். நான் பார்த்ததை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அதைப் பற்றி யோசித்து, யோசித்ததால் கெடுத்துவிடுவார்.

பரீட்சை அடுத்த வியாழக்கிழமை காலை. காலைச் சாப்பாட்டு மண்டபத்தில் மேசைகளை ஒதுக்கி வைத்திருந்தார்கள். பரீட்சைக்காரி அறுபது வயது மதிக்கத்தக்க இங்கிலீசுக்காரப் பெண், பக்கத்தில் ஹோட்டல் மேலாளர். கேட்பதும் வாசிப்பதும் முடிந்தது. பேச்சுக்கு இரண்டு இரண்டு பேராகக் கூப்பிட்டார்கள். ஒருவர் பயணி, மற்றவர் ஹோட்டல் ஆள், பிறகு மாற்றிச் செய்ய வேண்டும். சீட்டுக் குலுக்கியபோது அக்காவுக்கு நான் விழுந்தேன்.

எனக்குக் கிடைத்த அட்டையில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: பயணி காலையிலேயே வந்துவிட்டார், களைத்திருக்கிறார், அறை இன்னும் ஆயத்தமாகவில்லை. நான் கதவுப் பக்கம் இருந்து பையோடு நடந்து வந்தேன். அக்கா என் முன்னால் வந்து கையைக் கட்டி, தலையைச் சாய்த்தார்.

"குட் மோர்னிங் மடாம். ப்ளீஸ், சீற் டவுன். த ஹோட்டேல் ஈஸ்..."

பரீட்சைக்காரியின் பேனை தாளில் அசைந்தது. அக்கா அதைப் பார்த்தார். அவருக்கும் கேட்டுவிட்டது. இன்னும் மரியாதையாக, இன்னும் நீட்டி, மறுபடி தொடங்கினார்.

நான் ஒரு பெரிய தியாகி என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தக் கணத்தில் எனக்கு இடமும் நினைவில்லை, முதுகும் நினைவில்லை. அந்த மனிசி அப்படி நின்று தோற்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான். களைப்பு என்று அட்டையில் இருக்கிறதே. பையைக் கீழே போட்டேன். கண்ணை மேலே செருகினேன். முழங்காலை மடித்தேன்.

"சிற்."

என் முதுகில் ஒரு கை வந்து பிடித்தது. கதிரை எப்படி வந்தது என்று தெரியாது, நான் அதில் இருந்தேன்.

"சிற். சிற் ஹியர். டோன்ற் ஸ்ராண்ட். டிரிங்க் திஸ். டிரிங்க் இற்." மேசையில் இருந்த தண்ணீர்க் கிளாஸ் என் உதட்டில் இடித்தது. நான் குடித்தேன். அவர் குனிந்து என் முகத்தைப் பார்த்தார். "ஆர் யூ இல்?"

இல்லை, இப்போது பரவாயில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் கையை எடுக்கவில்லை. என் தோளைப் பிடித்தபடியே, அதே குரலில், ஒரு சொல் கூடாமல் குறையாமல் மிச்சத்தையும் சொன்னார். "த ஹோட்டேல் இஸ் ஃபுல். யுவர் ரூம் இஸ் ரெடி அற் ரூ. லீவ் த பாக், ஐ வில் கீப் இற். சிற் அண்ட் ஈற்." நீள வேண்டியது நீண்டது, குறுக வேண்டியது குறுகியது. பரீட்சைக்காரி பேனையைத் தாளில் வைத்துவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு என் முறை. நான் ஹோட்டல் ஆள். அக்கா பயணியாக வந்து உட்கார்ந்தார், ஆனால் முகத்தில் இரத்தம் இல்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எப்போதும் போல அவசரக் குடுக்கை. எல்லா நெடிலையும் நறுக்கித் தள்ளிவிட்டு மூன்று நிமிட வேலையை ஒன்றரை நிமிடத்தில் முடித்தேன். பரீட்சைக்காரி அன்பாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு என்ன சிரிப்பு என்று எனக்குத் தெரியும்.

முடிவு மூன்று வாரம் கழித்து வந்தது. ஃபாத்துவும் சுகிர்தம் அக்காவும். அக்காவின் தாளில், நெருக்கடியில் தெளிவாகவும் அமைதியாகவும் பேசுகிறார் என்று எழுதியிருந்ததாம். இப்போது காலை ஆறரைக்குத் தொடங்கி பன்னிரண்டரைக்கு முடிக்கிறார், ஒன்றேகாலுக்கு வாசலில் நிற்கிறார். இங்கிலீசுக்காரர் தாங்களாகவே அவரைத் தேடிப் போய் வழி கேட்கிறார்கள் என்று ஃபாத்து சொல்கிறாள். நான் ருவாசிக்குப் போகிறேன், முதுகு வலிக்கிறது, ரயிலில் நித்திரை கொள்கிறேன். என்னுடைய எட்டு வருட வேலையில் அவரைப் போல ஒருத்தரை நான் பார்க்கவில்லை. எட்டாம் வகுப்புக்காரி, ஐம்பத்தொரு வயதில், தன் நாக்கோடு எட்டு வாரம் சண்டை போட்டவர். சண்டை போட்டுக்கொண்டே எங்கள் ஏழு பேரின் நாக்கையும் திருத்தப் பாடுபட்டவர். பொறாமை இல்லை என்று சொல்ல மாட்டேன். பெருமை அதைவிடக் கூட.

ஆனால் பரீட்சையன்று மண்டபத்தை விட்டு வந்ததும் நடந்ததைச் சொல்லாவிட்டால் இந்தக் கதை முடியாது. பணியாளர் படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தோம். இரண்டாவது படியில் அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்து, அதெல்லாம் வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"உண்மையிலையே தலை சுத்தினதோ?"

"இல்லை அக்கா. நடிச்சனான்."

அவர் அப்படியே நின்றார். நான் அதை எங்கே பார்த்துப் பழகினேன் என்று அவருக்கு விளங்கிவிட்டது. கண் நிறைந்தது. பிடித்திருந்த கை பிடியை விடவில்லை.

"இனி ஒருநாளும் இப்பிடி நடிக்காதை," என்றார். "என்ரை ஒரு கை அந்த மனிசனுக்கு எண்டு போயிட்டுது. நீ விழுந்தா மற்றக் கையாலை நான் உன்னைப் பிடிக்க வேணும். அதோடை விளையாடாதை. விளங்குதோ?"

"ஓம் அக்கா," என்றேன். அவர் சொன்னதை அவரே கவனிக்கவில்லை, ஏப்ரன் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நேரம் போகுது," என்றார். "இண்டைக்கு வியாழன். வா."

மணி ஒன்றாக ஐந்து நிமிடம் இருந்தது. நானும் அவரோடு ரூ பஜோலுக்கு நடந்தேன்.